நிகழ்பட விளையாட்டுகளில் ஆண், பெண் ஆட்டக்காரர்களிடையே உள்ள வேறுபாடுகள்

நிகழ்பட விளையாட்டுகளை (வீடியோ கேம்) ஆடும் ஆண்களும் பெண்களும் எந்த வகை விளையாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள், எதற்காக ஆடுகிறார்கள், எவ்வளவு நேரம் ஆடுகிறார்கள், சக ஆட்டக்காரர்களால் எவ்வாறு நடத்தப்படுகிறார்கள் என்பவற்றில் சில வேறுபாடுகள் காணப்படுகின்றன. உளவியல், சமூகவியல், தகவல் தொடர்பியல் ஆகிய துறைகளின் ஆய்வாளர்கள் இவற்றை ஆராய்ந்து வருகின்றனர். வீடியோ கேம் என்பது பையன்களின் விளையாட்டு என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், அமெரிக்காவில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகள் ஆடுவோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள் எனக் காட்டுகின்றன. காணப்படும் வேறுபாடுகளில் எவை இயல்பானவை, எவை வாய்ப்பாலும் பழக்கத்தாலும் உருவானவை என்பதே இத்துறையின் முதன்மையான கேள்வி.

எண்ணிக்கை

அமெரிக்காவின் பொழுதுபோக்கு மென்பொருள் சங்கம் ஆண்டுதோறும் ஆட்டக்காரர்கள் பற்றிய கணக்கெடுப்பை வெளியிடுகிறது. அதன் 2014ஆம் ஆண்டு அறிக்கையின்படி, ஆடுவோரில் 48 விழுக்காட்டினர் பெண்கள். பதினெட்டு வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்கள் மொத்த ஆட்டக்காரர்களில் 36 விழுக்காடாக இருந்தனர். ஆனால் "வீடியோ கேம் ஆடுபவர்" என்றவுடன் பலர் மனத்தில் தோன்றும் பதின்பருவப் பையன்கள், சிறுவர்களையும் சேர்த்தே, 17 விழுக்காடு மட்டுமே.

பியூ ஆய்வு மையம் 2015இல் வெளியிட்ட கணக்கெடுப்பு மற்றொரு உண்மையைக் காட்டியது. அமெரிக்க வயதுவந்தோரில் ஆண்களில் 50 விழுக்காட்டினரும் பெண்களில் 48 விழுக்காட்டினரும் நிகழ்பட விளையாட்டுகளை ஆடுவதாகக் கூறினர். எனினும் தம்மை "கேமர்" என்று அழைத்துக்கொண்டவர்கள் ஆண்களில் 15 விழுக்காடு, பெண்களில் 6 விழுக்காடு. விளையாடுவதில் இருவரும் சமமாக இருக்க, அந்தப் பெயரை ஏற்றுக்கொள்வதில் மட்டும் இரண்டரை மடங்கு வேறுபாடு உள்ளது. அதே ஆய்வில் பத்தில் ஆறு பேர், ஆடுவோரில் பெரும்பாலோர் ஆண்களே என்று நம்பினர்.

பதின்பருவத்தினரிடையே இடைவெளி கூடுதலாக உள்ளது. இதே மையத்தின் 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பையன்களில் 97 விழுக்காட்டினரும் பெண்பிள்ளைகளில் 83 விழுக்காட்டினரும் ஏதேனும் ஒரு கருவியில் விளையாடுவதாகக் கூறினர். வீட்டில் கன்சோல் எனப்படும் விளையாட்டுக் கருவியை அணுகும் வாய்ப்பு பையன்களில் 92 விழுக்காட்டினருக்கும் பெண்பிள்ளைகளில் 75 விழுக்காட்டினருக்கும் இருந்தது.

வரலாறு

நிகழ்பட விளையாட்டுகள் தொடக்கத்திலிருந்தே ஆண்களுக்கென்று உருவானவை அல்ல. 1972இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட பாங் என்னும் மேசைப்பந்து விளையாட்டு யாரும் ஆடக்கூடியதாக இருந்தது. 1978இல் ஜப்பானில் வெளிவந்த ஸ்பேஸ் இன்வேடர்சின் வெற்றிக்குப் பின்னர் சுடும் விளையாட்டுகள் பெருகின. காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கூடங்கள் இளைஞர்கள் கூடும் இடங்களாயின. இதைக் கவனித்த நாம்கோ நிறுவன வடிவமைப்பாளர் டோரு இவாதானி, பெண்களும் இணையர்களும் விரும்பி வரவேண்டும் என்ற நோக்கத்துடன், சுடுவதை விடுத்து உண்பதை மையமாகக் கொண்ட ஒரு விளையாட்டை உருவாக்கினார். 1980இல் வெளிவந்த அந்த விளையாட்டே பேக்-மேன். அது உலகெங்கும் புகழ்பெற்றது.

தொடக்கக் காலத்தில் பெண் வடிவமைப்பாளர்களும் இருந்தனர். ராபர்ட்டா வில்லியம்ஸ் 1980இல் மிஸ்டரி ஹவுஸ் என்னும் படங்களுடன் கூடிய கதை விளையாட்டையும், 1984இல் கிங்ஸ் குவெஸ்ட் விளையாட்டையும் வடிவமைத்தார். கரோல் ஷா 1982இல் ரிவர் ரெய்டு விளையாட்டை எழுதினார். அட்டாரியில் பணியாற்றிய டோனா பெய்லி, எட் லாக் என்பவருடன் இணைந்து சென்டிபீட் விளையாட்டை உருவாக்கினார். அது பெண்களிடமும் நல்ல வரவேற்பைப் பெற்றது.

1983இல் வட அமெரிக்காவில் இத்தொழில் பெரும் சரிவைச் சந்தித்தது. கடைக்காரர்கள் வீடியோ கேம் என்ற பெயரையே தவிர்த்தனர். 1985இல் அங்கு நுழைந்த நின்டெண்டோ நிறுவனம் தன் கருவியைப் பொம்மையாக அறிமுகப்படுத்தியது. பொம்மைக் கடைகளிலோ பையன்களுக்கு ஒரு பக்கம், பெண்பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் எனப் பிரிவு இருந்தது. நிகழ்பட விளையாட்டுகள் பையன்களின் பக்கத்தில் வைக்கப்பட்டன. விளம்பரங்களும் அவர்களையே நோக்கி எடுக்கப்பட்டன என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் விளக்குகின்றனர். 1989இல் வந்த கைக்கருவிக்குக் கேம் பாய் என்றே பெயர் இடப்பட்டது.

1996இல் மேட்டல் நிறுவனம் வெளியிட்ட பார்பி ஃபேஷன் டிசைனர், முதல் இரண்டு மாதங்களிலேயே ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றது. பெண்பிள்ளைகள் கணினி விளையாட்டு வாங்கமாட்டார்கள் என்ற வணிக நம்பிக்கையை இது உடைத்தது. ஆனால் பெண்களுக்கான விளையாட்டு என்றால் உடை அலங்காரம்தானா என்ற கேள்வியும் எழுந்தது. 2000இல் வில் ரைட் வடிவமைத்த தி சிம்ஸ் வேறு வழியில் சென்றது. வீடு கட்டுதல், குடும்பம் நடத்துதல் போன்ற அன்றாட வாழ்க்கையே அதன் பொருள். யாருக்கென்று முத்திரை குத்தாமல் வந்த அவ்விளையாட்டைப் பெண்கள் பெருமளவில் ஆடினர். பின்னர் திறன்பேசி பரவியதும், 2012இல் வந்த கேண்டி கிரஷ் சாகா போன்ற புதிர் விளையாட்டுகள் வழியாகப் பெண் ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை மேலும் பெருகியது.

விளையாட்டு வகையும் ஊக்கமும்

தேர்ந்தெடுக்கும் வகையில்தான் வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிகிறது. குவாண்டிக் ஃபவுண்டரி என்னும் ஆய்வு நிறுவனம் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களிடம் இணையவழியில் தகவல் திரட்டி 2017இல் வெளியிட்டது. அதன்படி, ஒரே நிறப் பொருள்களை மூன்று மூன்றாகச் சேர்க்கும் விளையாட்டுகளையும், குடும்பம், பண்ணை நடத்தும் விளையாட்டுகளையும் விரும்புவோரில் 69 விழுக்காட்டினர் பெண்கள். உத்தி சார்ந்த சுடும் விளையாட்டுகளில் பெண்கள் 4 விழுக்காடு. பந்து விளையாட்டு போன்ற போட்டிகளைத் திரையில் ஆடும் வகையில் 2 விழுக்காடு மட்டுமே.

ஊக்கங்களைப் பொறுத்தவரை, ஆண்கள் போட்டியையும் அழித்தல், வெடித்தல் போன்ற பரபரப்பையும் முதன்மையாகக் குறிப்பிட்டனர். பெண்கள் தொடங்கிய பணிகளையும் சேகரிப்புகளையும் முழுமையாக முடித்தலையும், கற்பனை உலகில் வேறொருவராக வாழ்ந்து பார்த்தலையும் முதன்மையாகக் குறிப்பிட்டனர். ஆயினும் போட்டி விருப்பத்தைத் தீர்மானிப்பதில் பாலினத்தைவிட வயதே வலிமையானது என்பதும் அதே தரவுகளில் தெரிந்தது. வயது ஏற ஏறப் போட்டியில் நாட்டம் குறைகிறது; ஆண்களிடம் அது வேகமாகக் குறைவதால், நடுத்தர வயதில் இரு பாலருக்கும் இடையே உள்ள இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. ஆகவே இருபது வயது இளைஞருக்கும் ஐம்பது வயது ஆணுக்கும் உள்ள வேறுபாடு, சம வயதுள்ள ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரிதாக இருக்கக்கூடும்.

ஆடும் நேரம்

பெண்கள் பொழுதுபோக்காகச் சிறிது நேரம் ஆடுபவர்கள், ஆண்களே தீவிரமாக ஆடுபவர்கள் என்பது பொதுவான கருத்து. இதை டிமிட்ரி வில்லியம்ஸ், மியா கன்சால்வோ, ஸ்காட் கேப்லன், நிக் யீ ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு சோதித்தது. எவர்குவெஸ்ட் 2 என்னும் இணைய விளையாட்டை ஆடிய ஏறத்தாழ 7,000 பேரிடம் அவர்கள் வினா எழுப்பினர். அவ்விடைகளை விளையாட்டு நிறுவனத்தின் கணினியில் பதிவாகியிருந்த உண்மையான நேரத்துடன் ஒப்பிட்டனர். அந்த விளையாட்டில் பெண்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் ஆடியவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 29 மணி நேரம் ஆடினர். ஆண்களின் சராசரி 25 மணி நேரம்.

இரு பாலரும் தாம் ஆடும் நேரத்தைக் குறைத்தே கூறினர். ஆண்கள் ஏறத்தாழ ஒரு மணி நேரமும் பெண்கள் ஏறத்தாழ மூன்று மணி நேரமும் குறைத்துச் சொன்னார்கள். பெண் நீண்ட நேரம் விளையாடுவது பொருத்தமற்றது என்ற சமூக எதிர்பார்ப்பு இதற்குக் காரணமாகலாம் என ஆய்வாளர்கள் கருதினர். வினாத்தாளை மட்டும் நம்பும் ஆய்வுகள் வேறுபாட்டைத் தவறாக மதிப்பிடக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்று.

திறன்

டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிங் ஃபெங், இயன் ஸ்பென்ஸ், ஜே பிராட் ஆகியோர் 2007இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டனர். ஒரு பொருளை மனத்தில் சுழற்றிப் பார்த்தல், பார்வைப்புலத்தின் ஓரங்களிலும் கவனம் செலுத்துதல் போன்ற இடஞ்சார் திறன்களில் ஆண்கள் சராசரியாகக் கூடுதல் மதிப்பெண் பெறுவது வழக்கம். இத்தகைய விளையாட்டுகளை முன்பு ஆடிப் பழகாதவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்கு ஒரு விறுவிறுப்பான சுடும் விளையாட்டில் 10 மணி நேரம் மட்டும் பயிற்சி தரப்பட்டது. பயிற்சிக்குப் பின் இரு பாலரும் முன்னேறினர். பெண்கள் கூடுதலாக முன்னேறியதால் இடைவெளி பெரிதும் சுருங்கியது. மெதுவான புதிர் விளையாட்டை ஆடியவர்களிடம் இம்மாற்றம் ஏற்படவில்லை. சோதனைக்குழு சிறியது என்றாலும், பிறவித் திறன் என்று கருதப்பட்ட ஒன்று பயிற்சியால் மாறக்கூடும் என்பதை இது காட்டியது.

குய்ஹுவா ஷென்னும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவிலும் சீனாவிலும் ஆடப்பட்ட இரண்டு இணைய விளையாட்டுகளின் பதிவுகளை ஆராய்ந்தது. ஆடிய நேரம் முதலிய காரணிகளைக் கணக்கில் கொண்டு பார்த்தபோது, பெண்கள் ஆண்களுக்கு இணையான வேகத்திலேனும் அடுத்தடுத்த நிலைகளை எட்டினர். மேலோட்டமாகத் தெரிந்த திறன் வேறுபாடு, பெரும்பாலும் ஆடிய நேரத்தின் வேறுபாடே ஆகும்.

உயிரியல் காரணங்களை ஆராய்ந்தோரும் உண்டு. 2008இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 11 ஆண்களும் 11 பெண்களும் எளிய இடம்பிடிக்கும் விளையாட்டை ஆடும்போது அவர்களின் மூளையைப் படமெடுத்தனர். மகிழ்ச்சி, வெகுமதி ஆகியவற்றோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் ஆண்களிடம் கூடுதலாகச் செயல்பட்டன. இருபத்திரண்டு பேரை வைத்துப் பொது முடிவுக்கு வர இயலாது. மேலும் மூளையின் செயற்பாடு முன்பழக்கத்தாலும் மாறக்கூடியது.

இணைய ஆட்டத்தில் நடத்தப்படும் விதம்

ஒரே ஆட்டத்தில் ஆணும் பெண்ணும் பெறும் அனுபவம் ஒன்றாக இருப்பதில்லை. ஜெஃப்ரி குஸ்னெகாஃப், லிண்ட்சி ரோஸ் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஹாலோ 3 விளையாட்டில் முன்பின் தெரியாதவர்களுடன் ஆடும்போது, முன்னரே பதிவுசெய்த தீங்கற்ற சில சொற்றொடர்கள் சில ஆட்டங்களில் ஆண் குரலிலும் சில ஆட்டங்களில் பெண் குரலிலும் ஒலிக்கவிடப்பட்டன. பெண் குரலுக்கு வந்த இழிவான மறுமொழிகள், ஆண் குரலுக்கு வந்தவற்றைப் போல மூன்று மடங்கு இருந்தன.

இத்தரவுகளை மைக்கேல் கசுமோவிச்சும் குஸ்னெகாஃபும் 2015இல் மேலும் ஆராய்ந்தபோது, பெண் குரலிடம் கூடுதல் பகைமை காட்டியவர்கள் ஆட்டத்தில் பின்தங்கிய ஆண்கள் என்று கண்டனர். நன்றாக ஆடியவர்கள் பெண் ஆட்டக்காரரிடம் இணக்கமாகவே நடந்தனர். இத்தகைய ஏச்சுப்பேச்சைத் தவிர்க்கப் பல பெண்கள் ஒலிவாங்கியை அணைத்துவிடுகின்றனர். பால் தெரியாத பெயரைச் சூட்டிக்கொள்கின்றனர். அல்லது தெரிந்தவர்களுடன் மட்டும் ஆடுகின்றனர். குழு ஆட்டங்களில் பேசித் திட்டமிடுவதே வெற்றிக்கு வழி என்பதால், வாய் திறக்காத ஆட்டக்காரர் பின்தங்குகிறார். பிறகு அதுவே பெண்களுக்குத் திறன் குறைவு என்பதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

தொழில்முறைப் போட்டிகள்

பரிசுத்தொகை கொண்ட மின்விளையாட்டுப் போட்டிகளில் உடல் வலிமை தேவையில்லை. இருந்தும் உயர்நிலைப் போட்டிகளில் பெண்கள் மிகக் குறைவு. தென்கொரியாவின் கிம் செ-யோன், கெகுரி என்னும் பெயரில் ஓவர்வாட்ச் விளையாட்டை ஆடுபவர். 2016இல் அவரது குறி தவறாத ஆட்டத்தைக் கண்டு, மென்பொருள் உதவியுடன் ஏமாற்றுகிறார் என்று எதிரணியினர் குற்றஞ்சாட்டினர். படக்கருவிகளின் முன் நேரடியாக ஆடிக்காட்டி அவர் தம் திறமையை மெய்ப்பித்தார். 2018இல் ஓவர்வாட்ச் லீக் போட்டித் தொடரில் ஒப்பந்தமான முதல் பெண் அவரே. 2019இல் சீனாவின் லி சியாவ்மெங், ஹார்த்ஸ்டோன் கிராண்ட்மாஸ்டர்ஸ் உலக இறுதிப் போட்டியில் வென்ற முதல் பெண்ணானார்.

கல்வியிலும் தொழிலிலும் விளைவுகள்

விளையாட்டில் தொடங்கும் இடைவெளி விளையாட்டோடு நின்றுவிடுவதில்லை. அமெரிக்காவில் கணினி அறிவியலில் இளநிலைப் பட்டம் பெற்றோரில் பெண்களின் பங்கு 1980களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 37 விழுக்காடாக இருந்து, பின்னர் சரிந்து, 2010 அளவில் 18 விழுக்காடானது. வீட்டுக் கணினிகளும் நிகழ்பட விளையாட்டுகளும் பையன்களுக்கு உரியவையாக விற்கப்பட்ட காலமும் இதுவே. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்த ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் ஆகியோர், பல வீடுகளில் கணினி மகனின் அறையில் வைக்கப்பட்டதையும், அதனால் கல்லூரிக்கு வரும்போதே ஆண்கள் பழக்கத்தில் முன்னிருந்ததையும் சுட்டிக்காட்டினர். அப்பல்கலைக்கழகம் சேர்க்கை முறையையும் தொடக்கப் பாடங்களையும் மாற்றியபின், அத்துறையில் சேரும் பெண்கள் 1995இல் 7 விழுக்காடாக இருந்து 2000இல் 42 விழுக்காடாயினர். ஐந்தாண்டுகளில் மனித இயல்பு மாறாது, மாறியது வாய்ப்பே.

விளையாட்டுகளை உருவாக்கும் தொழிலிலும் மெல்ல மாற்றம் வருகிறது. பன்னாட்டு விளையாட்டு உருவாக்குநர் சங்கத்தின் கணக்கெடுப்புகளில் பெண்களின் பங்கு 2014இல் 22 விழுக்காடாகவும் 2021இல் 30 விழுக்காடாகவும் இருந்தது.

தரவுகளைப் படிக்கும் முறை

இவ்வகைப் புள்ளிவிவரங்களைப் படிக்கும் மாணவர்கள் மூன்று செய்திகளை மனத்தில் கொள்வது நல்லது. முதலாவது, சராசரி என்பது குழுவைப் பற்றியது. தனியொருவரைப் பற்றியது அன்று. போட்டியை விரும்பும் பெண்களும் பண்ணை விளையாட்டில் பொழுதைக் கழிக்கும் ஆண்களும் ஏராளம். இரண்டாவது, கேள்வி கேட்கும் விதம் விடையை மாற்றும். "விளையாடுகிறீர்களா" என்று கேட்டால் ஒரு விடையும், "நீங்கள் கேமரா" என்று கேட்டால் வேறொரு விடையும் கிடைக்கும். மூன்றாவது, ஒரு வேறுபாடு இருக்கிறது என்பதிலிருந்து அது இயற்கையானது என்ற முடிவுக்கு வந்துவிட முடியாது. கருவி யார் கையில் கொடுக்கப்பட்டது, எவ்வளவு நேரம் கொடுக்கப்பட்டது, ஆடும் இடத்தில் அவர் வரவேற்கப்பட்டாரா என்பவற்றைச் சமமாக்கிப் பார்த்த பின்னரே எஞ்சியிருக்கும் வேறுபாட்டைப் பற்றிப் பேச இயலும். அவ்வாறு சமமாக்கிப் பார்த்த ஆய்வுகளில் அந்த இடைவெளி பலமுறை சுருங்கியுள்ளது.