நிழலில் அருகம்புல் ஏன் வருவதில்லை?

பெரணமல்லூரில் தறி போட்ட வீடு ஒன்றின் பின்பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேப்பமரம், ஒரு துவைகல், சுவரோரம் கொஞ்சம் ஈரம். மரத்தடி மண் மட்டும் மொட்டையாகக் கிடக்கும். பத்தடி தள்ளி வெயில் படுகிற இடத்தில் அருகம்புல்லைப் பிடுங்கி மாளாது. அதே புல் ஏன் மரத்தடிக்கு வர மறுக்கிறது?

நம் கண்ணுக்கு மரநிழல் அவ்வளவு இருட்டாகத் தெரியாது. கண் தன்னைச் சரிசெய்துகொண்டு நம்மை ஏமாற்றிவிடும். உண்மையில் அடர்ந்த மரத்தடிக்கு வந்துசேர்வது உச்சி வெயிலில் நூற்றில் சில பங்கு வெளிச்சம்தான். அதிலும் சிவப்பையும் நீலத்தையும் மேலே இருக்கும் இலைகள் உறிஞ்சிக்கொள்கின்றன. கீழே இருப்பவர்களுக்கு மிச்சம்தான்.

அருகம்புல் வெயிலுக்கென்றே ஆன செடி. வெயில் ஏற ஏற, இலைக்குள் இருக்கும் ரூபிஸ்கோ என்ற நொதி தடுமாறும். கரியமில வாயுவைப் பிடிப்பதற்குப் பதிலாக ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். இதைத் தவிர்க்க அருகம்புல், கரும்பு, சோளம் போன்றவை கரியமில வாயுவை முதலில் ஓரிடத்தில் பிடித்து, பிறகு ரூபிஸ்கோ இருக்கும் அறைக்குள் திணிக்கின்றன. அருமையான ஏற்பாடுதான், ஆனால் சும்மா நடக்காது. ஒவ்வொரு கரியமில வாயு மூலக்கூறுக்கும் ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறில் இரண்டு கூடுதலாகச் செலவாகும். தறியில் உதவிக்கு ஆள் வைத்துக்கொள்வதைப் போலத்தான் இது. வேலை நிறைய இருந்தால் லாபம், இல்லாவிட்டால் கூலி கொடுத்தே முதல் கரையும். நிழலில் அருகம்புல்லின் முதல் கரைகிறது.

அந்த இடத்துக்கு ஏற்றது சிலந்திச் செடி. நாற்றுப்பண்ணையில் ‘ஸ்பைடர் பிளான்ட்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். நீளமான ஒல்லி இலைகள், பெரும்பாலும் நடுவிலோ ஓரத்திலோ வெள்ளைக் கோடு. பார்த்தால் புல், ஆனால் புல் குடும்பமே இல்லை. ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள், வெள்ளை வெளேரென்று தடித்த வேர்கள் வரும். நம் தண்ணீர்விட்டான் கிழங்குக்கு இது சொந்தம். அதைப் போலவே வேரில் தண்ணீரைச் சேர்த்துவைக்கும். நீங்கள் பாட்டி வீட்டுக்குப் போய்ச் சில நாள் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் பட்டுப்போகாது.

பிறந்த இடம் ஆப்பிரிக்கா. அருகம்புல்லின் செலவு மிகுந்த ஏற்பாடு இதற்குக் கிடையாது. வரவு குறைவு, செலவும் குறைவு. பொதுவாகவே நிழல் தாங்கும் செடிகள் மெல்லிய இலைகளை வைத்துக்கொண்டு மெதுவாகச் சுவாசித்து, கிடைக்கிற வெளிச்சத்தில் காலம் தள்ளும். பராமரிப்பு வேண்டாத செடி என்று பெரியவர்கள் பாராட்டுவது இந்தச் சிக்கனத்தைத்தான். ஜப்பான், சீனப் பக்கத்து மோண்டோ புல்லும் இந்த ரகம்தான். அது குட்டையாக, கரும்பச்சையாகத் தரையோடு படரும்.

ஒரு செடி இருந்தால், மேற்கொண்டு நாற்று வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். பகல் 12 மணி நேரத்துக்கும் குறைவாகச் சில வாரங்கள் தொடர்ந்தால் சிலந்திச் செடி நீண்ட தண்டுகளை விடும். நம் ஊரில் அது ஐப்பசிக்குப் பிறகு வரும் காலம். தண்டில் சின்ன வெள்ளைப் பூக்கள் பூக்கும், பிறகு நுனியில் குட்டிச் செடிகள் தொங்கும். அடியில் குட்டையாக வேர் முளைத்திருக்கும் குட்டியைக் கிள்ளி மண்ணில் வைத்தால் போதும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் மட்டும் வைக்காதீர்கள், வேர் அழுகிவிடும். நேர் வெயிலும் ஆகாது, இலை வெளுத்துக் கருகும். இலை நுனி மட்டும் பழுப்பாகக் காய்ந்தால் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். பிடித்துவைத்த மழைத்தண்ணீர் கிடைத்தால் நல்லது.

‘இந்தச் செடி வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும்’ என்று விற்பவர் சொல்லக்கூடும். 1989-ல் வெளியான நாசா ஆய்வு அந்தப் பேச்சுக்குக் காரணம். அது அடைத்த சிறு அறைக்குள் நடந்தது. 2019-ல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தார் பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். சாதாரணமாகக் கட்டடத்துக்குள் வந்துபோகும் காற்று செய்கிற வேலையைச் செடிகள் செய்ய, ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டுமாம். அப்புறம் நாம் எங்கே படுப்பது? ஜன்னலைத் திறப்பது சுலபம்.

அருகம்புல் விஷயத்தை நீங்களே சோதிக்கலாம். இரண்டு தொட்டிகளில் வேர்விட்ட அருகம்புல் தண்டுத்துண்டுகளை நட்டு, ஒன்றை வெயிலிலும் ஒன்றை மரத்தடியிலும் வையுங்கள். மரத்தடித் தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு சிலந்திச் செடிக் குட்டியும் இருக்கட்டும். ஒரு மாதம் கழித்து, அருகம்புல் தண்டில் ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் உள்ள தூரத்தை அளவுகோலால் அளந்து இரண்டு தொட்டிகளையும் ஒப்பிடுங்கள். நிழல் புல் வெளிச்சம் தேடி எவ்வளவு நீண்டிருக்கிறது, சிலந்திக் குட்டி என்ன செய்திருக்கிறது என்று நோட்டில் எழுதிவையுங்கள்.