மெருகும் பொறுமையும்

மாணவர்களே, மழைநாளொன்றில், பேர்த்தி படிப்பதற்கென நானே செய்த தேக்கு மேசைக்கு அவலரக்கு மெருகு பூசினேன். சற்று நேரத்தில் பரப்பெங்கும் வெண்மை படர்ந்தது. காரணம் யாது? அரக்குப்பூச்சி தரும் பிசினே அவலரக்கு. அதனைக் கரைத்த ஸ்பிரிட் விரைந்து ஆவியாகும்போது மரப்பரப்புக் குளிர்கிறது. காற்றின் ஈரம் அங்கே படிந்து பூச்சினுள் சிக்கிக்கொள்கிறது.

ஸ்பிரிட் நனைத்த துணியால் பூச்சைக் கரைத்தெடுத்து, வெயில்நாளில் மீண்டும் தொடங்கினேன். 120, பின்னர் 220 எண் உப்புத்தாள்களால் மரரேகையின் போக்கிலே தேய்த்தேன். ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்தபின் எழும்பி நின்ற நார்களையும் தேய்த்தகற்றினேன். தூசி நீக்கி மெல்லிய பூச்சொன்று; அது காய்ந்ததும் இலேசாகத் தேய்த்து அடுத்தது. தடித்த பூச்சு ஒன்றினும் மெல்லிய பூச்சு நான்கு நன்று. ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும்; நெருப்பருகே வைக்கலாகாது.

மெருகிடப் புகுமுன் மரத்தை மட்டுமன்று, வானத்தையும் பாருங்கள்.