‘காவல்–இளைஞர் நல்லுறவு’: கும்மிடிப்பூண்டியில் அதை எதைக் கொண்டு அளப்பது?

காவல்துறையும் இளைஞர்களும் நெருங்கிப் பழக வேண்டும் என்பதில் எவருக்கும் மறுப்பு இருக்க முடியாது. கைப்பந்துப் போட்டி, போதை ஒழிப்பு உறுதிமொழி, ஹெல்மெட் பேரணி, பள்ளியில் ஆய்வாளரின் ஒரு மணி நேர உரை, இறுதியில் கேடயத்தோடு ஒரு குழுப்படம் எனத் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இவை நடந்துவருகின்றன. இவற்றைக் கண்துடைப்பு என ஒரே சொல்லில் ஒதுக்குவது நம் நோக்கமன்று. சேரி இளைஞர் ஒருவர் ஊர்ப் பெரியவரையோ கட்சிப் பிரமுகரையோ துணைக்கு அழைக்காமல் காவல் நிலையத்துக்குள் தனியாக நுழைந்து, புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலோடு திரும்ப முடிகிறதா என்பதே நல்லுறவை அளக்கும் கோல். கைப்பந்து மைதானத்தில் கிடைத்த அறிமுகம் அந்த மேசை வரை கூட வருகிறதா?

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியான கும்மிடிப்பூண்டி வட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 22 விழுக்காட்டினர். சென்னையிலிருந்து ஆந்திர எல்லைக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிச் சிப்காட் வளாகம். அதற்கு மேற்கே தேர்வாய் கண்டிகையில் மற்றொரு சிப்காட். இரும்பு உருட்டாலை, வேதிப்பொருள், டயர் எனத் தொழில்கள் பெருகிய இவ்வட்டாரத்தில் ஒரு காவல் நிலையத்துக்கே சிப்காட் என்று பெயர். தொழிற்பேட்டைக்குத் தனிக் காவல் நிலையம் கிடைத்த அளவு விரைவாகச் சேரிகளுக்குக் காவல் கிடைத்ததில்லை என்பதைப் பின்வரும் மூன்று நிகழ்வுகள் காட்டும்.

முதலாவது தேர்வாய். பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் இவ்வூரின் மேய்ச்சலும் விறகும் 1,127 ஏக்கர் பொது நிலத்தை நம்பியிருந்தன. அந்நிலம் தொழிற்பூங்காவுக்கு எடுக்கப்பட்டபோது மக்கள் எதிர்த்தனர்; கைதுகளையும் வழக்குகளையும் சந்தித்தனர். 2012இல் இவ்விவகாரம், பூங்காவில் ஆலை அமைத்த மிச்செலின் நிறுவனத்தின் தாய்நாடான பிரான்சு வரை முறையீடாகச் சென்றது. அன்று பத்து வயதாக இருந்த ஒரு பிள்ளைக்குக் காவல்துறையோடு ஏற்பட்ட முதல் அறிமுகம், தன் ஊர் மேய்ச்சல் நிலத்தில் நின்ற காவல் வாகனம்தான்.

இரண்டாவது ஆத்துப்பாக்கம். 2020 ஆகஸ்ட் 15 அன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் ஊராட்சித் தலைவர் அமிர்தம் தம் ஊர் அரசுப் பள்ளியில் தேசியக் கொடியேற்ற முடியாதவாறு தடுக்கப்பட்டார். செய்தி நாடெங்கும் பரவிய பிறகே, ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கும் பதிவானது. அரசு விரைந்து செயல்பட்டது என்பார்கள். ஒரு ஊராட்சித் தலைவருக்கே ஐந்து நாளும் நாடு தழுவிய செய்தி வெளிச்சமும் தேவைப்பட்டன என்றால், அப்பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர் என்ன முடிவுக்கு வந்திருப்பார் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாவது தோக்கமூர். திரௌபதி அம்மன் கோயிலை ஒட்டித் தலித் மக்களின் நடமாட்டத்தை மறித்துப் பல ஆண்டுகள் நின்ற தீண்டாமைச் சுவர், போராட்ட அறிவிப்புகளுக்குப் பின்னர் 2022 அக்டோபர் தொடக்கத்தில்தான் காவல் பாதுகாப்போடு இடிக்கப்பட்டது. இடிக்கும் நாளில் வந்து நின்ற காவல்துறைக்கு, அந்தச் சுவர் நின்ற ஆண்டுகளிலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நடைமுறையில்தான் இருந்தது.

இந்த நினைவுகளின் மேல்தான் நல்லுறவுத் திட்டங்கள் வந்து அமர்கின்றன. தமிழ்நாட்டில் அவற்றுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1993இல் இராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் ‘காவல் நண்பர்கள்’ அமைப்பைத் தொடங்கினார். பின்னர் அது மாநிலம் முழுவதும் பரவியது. இரவு ரோந்து, திருவிழாக் கூட்டம், தகவல் சொல்லுதல் ஆகியவற்றில் பொதுமக்கள் துணைநிற்பதே அதன் அடிப்படை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்சும் காவல் சித்திரவதையால் உயிரிழந்தபோது இவ்வமைப்பைச் சேர்ந்தோர் மீதும் குற்றச்சாட்டு எழ, ஜூலையில் அரசு அதைத் தடை செய்தது. குற்றச்சாட்டின் உண்மை ஒருபுறம் இருக்கட்டும். ஒரு கிராமத்தில் காவல் நிலையத்துக்கு ‘நண்பர்’ ஆகக்கூடியவர் யார் என்ற கேள்வியை அத்திட்டம் கேட்டுக்கொண்டதேயில்லை என்பது நம் கருத்து. ஊர்த்தெருவில் செல்வாக்குள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு அடையாள அட்டையும் கொடுத்தால், சாதி அதிகாரத்துக்கு லத்தியின் நிழலும் சேர்ந்துவிடும்.

அடுத்து வந்தவை பள்ளியை மையமாகக் கொண்டவை. கேரளத்தில் 2010இல் தொடங்கிய மாணவர் காவல் படை, 2018இல் ஒன்றிய அரசால் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. சென்னை மாநகரக் காவல்துறை 2022 செப்டம்பரில் ‘சிற்பி’ திட்டத்தைத் தொடங்கி, 100 பள்ளிகளில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் 5,000 பேரைச் சேர்த்தது. குடிசைப் பகுதிகளில் செயல்படும் காவல் சிறார் மன்றங்கள் இவற்றுக்கெல்லாம் மூத்தவை. கேரம் பலகையும் மாலை நேர வகுப்பும் பல பிள்ளைகளுக்கு உண்மையாகவே பயன்பட்டிருக்கின்றன. ஆனால் இவை அனைத்திலும் பாடம் ஒரே திசையில் செல்கிறது. ஒழுக்கம், அணிவகுப்பு, போதையின் தீமை, சாலை விதி என இளைஞருக்குக் கற்பிக்கப்படுபவை பல. இளைஞரிடம் காவல்துறை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்வதை அவருக்கு யாரும் கற்பிப்பதில்லை.

சட்டமோ நிறையச் சொல்கிறது. சிறார் நீதிச் சட்டம் 2015இன் 107ஆம் பிரிவின்படி ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவிச் சார்பு ஆய்வாளர் (ஏ.எஸ்.ஐ.) நிலைக்குக் குறையாத ஒருவர் குழந்தைகள் நலக் காவல் அலுவலராக இருக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு சிறப்புச் சிறார் காவல் பிரிவும், அதில் ஒரு பெண் உட்பட இரண்டு சமூகப் பணியாளர்களும் வேண்டும். பதினெட்டு வயது நிறையாதவரை எந்நிலையிலும் காவல் நிலையப் பூட்டறையில் வைக்கக் கூடாது, விலங்கிடக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். கொடுங்குற்றம் அல்லாதவற்றிலும், பெரியவர்களோடு கூட்டாகச் செய்ததாகச் சொல்லப்படாதவற்றிலும் சிறார் மீது முதல் தகவல் அறிக்கையே பதியக் கூடாது. நாட்குறிப்பேட்டில் எழுதினால் போதும் என்கின்றன 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள். 2022 இறுதியில் செங்கல்பட்டு அரசுக் கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் அடித்துக் கொல்லப்பட்டதை நினைவில் கொண்டால், இந்த விதிகள் ஏட்டளவில் இருப்பதன் விலை புரியும்.

அந்த விதிவிலக்கைச் சற்று உற்று நோக்க வேண்டும். ‘பெரியவர்களோடு கூட்டாக’ என்றால் வழக்குப் பதியலாம். தலித் குடும்பம் வன்கொடுமைப் புகார் கொடுத்ததும் ஆதிக்கச் சாதித் தரப்பிலிருந்து எதிர்ப்புகார் வருவது நம் வாசகர்கள் அறிந்த நடைமுறை. அந்த எதிர்ப்புகாரில் தந்தையின் பெயருக்குக் கீழே மகனின் பெயரும் எழுதப்பட்டால், பதினேழு வயது மகனும் முதல் தகவல் அறிக்கைக்குள் வந்துவிடுகிறார்.

தொழிற்பேட்டைப் பகுதியில் இதன் விளைவு வேறெங்கும் விடக் கடுமையானது. ஆலை வேலைக்கும் ஒப்பந்த வேலைக்கும் காவல் சரிபார்ப்புச் சான்று கேட்கப்படுவது பெருகிவிட்டது. வழக்கு நிலுவையில் இருந்தால் வாயிற்கதவு திறப்பதில்லை. சிறார் வழக்கு நிலுவையில் இருந்தாலும் முடிந்துவிட்டாலும், நன்னடத்தைச் சான்றுக்காக அந்தப் பதிவைக் காவல்துறை வெளியிடக் கூடாது என்று சிறார் நீதிச் சட்டத்தின் 74(2) பிரிவு தடுக்கிறது. இது எத்தனை நிலையங்களில் பின்பற்றப்படுகிறது? எத்தனை இளைஞர்களுக்கு இப்படியொரு பிரிவு இருப்பதே தெரியும்?

பதினெட்டைக் கடந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. விழாவுக்கு வரும் அதிகாரிகள், “நீங்களும் காவலராகலாம்” என்று ஊக்கமூட்டிப் பேசுவது வழக்கம். காவலர் நியமன விதிகளின் 14(பி) பிரிவையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும். சந்தேகத்தின் பலன் அளிக்கப்பட்டு விடுதலையானவரும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானவரும் ‘குற்ற வழக்கில் தொடர்புடையவர்’ என்றே கருதப்படுவர் என்பது அதன் விளக்கவுரை. 2008இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வும் இவ்விதியை ஏற்றுக்கொண்டது. இனி நடப்பதைப் பார்ப்போம். மோதலுக்குப் பின் ‘ஊர் அமைதிக்காக’ இரு தரப்பும் சமரசத்துக்கு அழைக்கப்படுகின்றன. வழக்கும் எதிர்வழக்கும் சாட்சிகள் பிறழ்ந்து முடிகின்றன. எல்லோரும் கைகுலுக்கி வீடு திரும்புகிறார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து எழுத்துத் தேர்விலும் உடற்தகுதியிலும் தேறிய சேரி இளைஞர், சரிபார்ப்புக் கட்டத்தில் அந்தச் சமரசத்தாலேயே வெளியே தள்ளப்படுகிறார். ஆதிக்கச் சாதி இளைஞருக்கும் இதே விதிதான் என்று வாதிடலாம். நிலமும் கடையும் வாகனமும் உள்ளவருக்குக் காவலர் வேலை போனால் ஒரு வாய்ப்புப் போகிறது. மேய்ச்சல் நிலத்தையும் இழந்தவருக்கு அது ஒன்றே வாய்ப்பாக இருந்திருக்கும்.

குற்றச்சரித்திரப் பதிவேட்டின் கதையும் இதுவே. 2024 மே மாதம், டெல்லி காவல்துறை தொடர்பான அமானத்துல்லா கான் வழக்கில், சமூகத்தாலும் பொருளாதாரத்தாலும் பின்தங்கிய, பட்டியல் சாதி, பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்த குற்றமற்றவர்கள் இயந்திரத்தனமாகப் பதிவேட்டில் ஏற்றப்படுவதை உச்சநீதிமன்றம் தானாக முன்வந்து கவனத்தில் எடுத்தது. எல்லா மாநிலங்களும் தத்தம் விதிகளை மறுஆய்வு செய்ய வேண்டும் என்றும் கூறியது. டெல்லி காவல்துறை தன் நிலையாணையை மாற்றி, சிறாரின் விவரங்களைப் பதிவேட்டில் சேர்க்கக் கூடாது என்று வரையறுத்தது. மாலையில் மைதானத்தில் பந்து எறியும் காவலரின் பதிவேட்டில், இரவில் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கான பட்டியலும் இருக்கிறதா என்ற ஐயம் தீராமல் எந்த நல்லுறவும் வேர் பிடிக்காது.

புகார் கொடுக்கும் இடத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் புகாரோடு செல்பவருக்குப் பெரும்பாலும் முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது. அதன் விரிவு ‘சமூகப் பணிப் பதிவேடு’ என்பது ஒரு கசப்பான வேடிக்கை. காவல்துறை அகராதியில் சமூகப் பணி என்பது சில வேளைகளில் புகாரைக் கிடப்பில் போடும் இடத்தின் பெயராகிவிடுகிறது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் வெளிப்பட்டால் முதல் தகவல் அறிக்கை கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வன்கொடுமை வழக்குகளில் பதிவுக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு தெளிவாக்கியது. வாய்மொழிப் புகாரை எழுதி, வாசித்துக் காட்டி, கையொப்பம் பெற்று, வழக்குப் பதிந்து, நகலைத் தருவது காவல் அதிகாரியின் கடமை. பட்டியல் சாதி, பழங்குடியினர் அல்லாத அரசு ஊழியர் அதை வேண்டுமென்றே புறக்கணித்தால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு. போதை ஒழிப்பு உரைக்கு ஒதுக்கும் ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் இந்தப் பிரிவை ஆய்வாளர் தம் வாயால் வாசிக்கட்டும். அப்படி வாசிப்பவரை இளைஞர்கள் நம்பத் தொடங்குவார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை.

மாற்று வடிவம் குறித்த யோசனையும் அரசின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் தலித் மாணவரும் அவர் தங்கையும் வெட்டப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் எல்லாச் சமூக மாணவர்களையும் கொண்ட ‘சமூக நீதி மாணவர் படை’யைப் பரிந்துரைத்தது. சீருடையும் அணிவகுப்பும் அதிலும் உண்டு. எதிர்த்து நிற்க வேண்டிய தீமையாகச் சாதி அங்கே வெளிப்படையாகப் பெயர் சொல்லப்படுகிறது. காவல்துறையின் மாணவர் திட்டங்கள் இதுவரை தயங்கிய இடம் அது.

வட்டாரத்தில் உடனே செய்யக்கூடியதும் உண்டு. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 17ஆம் விதிப்படி, ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். காவல் கண்காணிப்பாளர் அதில் உறுப்பினர். அலுவல் சாராப் பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர்களுக்கு ஐந்து இடம் வரை உண்டு. அவற்றில் ஒன்றைத் தேர்வாயிலிருந்தோ தோக்கமூரிலிருந்தோ ஒரு இளைஞருக்கு வழங்கச் சட்டத்தில் தடையேதும் இல்லை. கேள்வி கேட்கும் உரிமையோடு காவல் கண்காணிப்பாளரின் எதிரே அவர் அமர்வார். இதைவிடப் பயனுள்ள காவல்–இளைஞர் சந்திப்பு வேறில்லை.

அதற்குக் காத்திராமல், கும்மிடிப்பூண்டி வட்ட இளைஞர்கள் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கலாம். தம் நிலையத்தின் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யார், கடந்த ஓராண்டில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அங்குப் பதிவான முதல் தகவல் அறிக்கைகள் எத்தனை, அதே சம்பவங்களுக்குப் பதிவான எதிர்வழக்குகள் எத்தனை, அவற்றில் பெயர் சேர்க்கப்பட்ட பதினெட்டு வயதுக்குட்பட்டோர் எத்தனை பேர் என்று கேட்கலாம். முப்பது நாளில் பதில் தரப்பட வேண்டும். கண்காணிப்புக் குழு கடைசியாகக் கூடிய நாளையும் கூட்டக் குறிப்பின் நகலையும் கோரும் விண்ணப்பத்தைத் தனியே ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.