ஏரிக்கு மேலே ஒரு குதிரைத் தடம்

நிலத்தை இழந்த கமக்காரனின் கையில் எஞ்சுவது என்ன? இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாதவர்களும், திரும்பியும் எல்லைக்கல்லைத் தேடிக்கொண்டிருப்பவர்களும் எம்மிடம் பல தடவை கேட்ட கேள்வி இது. இதற்கு மேடைப் பேச்சினால் விடை சொல்ல முடியாது. வேறொரு நாட்டில், வேறொரு காரணத்தால் வயலிழந்த மக்கள் தமக்குள் கண்டுகொண்ட வழியை நாம் நேரில் பார்த்தோம். அதையே இவ்விதழில் எமது வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

அந்த நாடு லெசோத்தோ. ஆபிரிக்காவின் தென் பகுதியில், நாற்புறமும் தென்னாபிரிக்காவால் சூழப்பட்ட சிறிய மலைநாடு. பரப்பில் இலங்கையின் பாதிகூட இல்லை. அந்நாட்டின் மிகத் தாழ்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; அதாவது எமது ஹற்றன் பட்டினத்தை விட உயரம். அங்கே கட்சே என்னும் ஏரியின் கரையிலிருந்து புறப்பட்டு, மட்டக்குதிரைகளின் மேல் ஒரு பகல் முழுவதும் மலைகளைச் சுற்றி வந்தோம்.

அகதிகள் அமைத்த நாடு

பயணத்தைச் சொல்லுமுன் அந்த மக்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். 1820களில் தென் ஆபிரிக்கப் பகுதி எங்கும் போரும் பஞ்சமும் பரவின. ஊர்கள் எரிந்தன, மக்கள் திசை தெரியாமல் ஓடினார்கள். மொஷ்வெஷ்வே என்னும் தலைவர் 1824 இல் தம் மக்களோடு தாபா பொசியு என்ற தட்டையான மலையில் ஏறி அரண் அமைத்தார். ஓடி வந்தவர்களைக் குலம் கேளாமல் ஏற்றுக்கொண்டார். இன்று பசோத்தோ எனப்படும் இனம் இவ்வாறு இடம்பெயர்ந்தோர் கூடி உருவான இனமே.

வந்தவர்களை அவர் நிவாரணத்தில் மாத்திரம் வைத்திருக்கவில்லை. தம் மாடுகளை அவர்களிடம் வளர்க்கக் கொடுத்தார். பால் வளர்ப்பவருக்கு, மாடு உடையவருக்கு. இம்முறைக்கு மஃபிசா என்று பெயர். கன்றுப் பங்குக்கு மாடு விடும் எம்மவர் வழக்கத்துக்கு இது கிட்டிய உறவு. கையேந்தி வந்த குடும்பம் பட்டியைப் பார்த்து நிமிர்ந்தது.

குதிரை பின்னர் வந்தது. 1652 இல் நன்னம்பிக்கை முனையில் குடியேறிய ஒல்லாந்தக் கம்பனியார், அதற்கடுத்த ஆண்டுகளில் யாவாத் தீவிலிருந்து குதிரைகளை அங்கே இறக்கினார்கள். எமது நெடுந்தீவிலே குதிரை வளர்த்ததும் அதே கம்பனியார்தான். முனையிலிருந்து மெல்ல மெல்ல உள்நாட்டுக்கு வந்த குதிரைகள் 1830களில் பசோத்தோ மக்களின் கைகளில் பெருகின. குளிரும் கற்பாதையும் அரைவயிற்றுப் புல்லும் அவற்றின் உடலைச் சிறிதாக்கின. ஆனால் குளம்பைக் கடினமாக்கின. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தத்திற்கு இவற்றில் பல்லாயிரம் விற்கப்பட்டன. அதன்பின் இனம் நலிந்தது. பிற்காலத்தில் அயர்லாந்து அரசின் உதவியோடு அதைப் பேணும் திட்டமொன்று நடத்தப்பட்டது.

காலைப் புறப்பாடு

நாம் போனது மாசி மாதம். அங்கே அது கோடையும் மாரியும் சேர்ந்த காலம். விடியற்காலையில் ஒவ்வொரு வீட்டு வளவிலிருந்தும் ஒவ்வொரு குதிரை வந்தது. ஒருவர் ஒரு கொப்பியைப் பார்த்துப் பெயர் வாசித்தார். அந்தக் கொப்பியைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

எமக்கு வழிகாட்டியாக வந்தவர் அறுபது வயது மதிக்கத்தக்கவர். தோளில் தடித்த கம்பளிப் போர்வை, தலையில் கூம்பு வடிவப் புல்தொப்பி. எம்மை 'ந்தாதே' என்று அழைத்தார். அப்பா என்று பொருள். பெரியவர், சிறியவர், குருவானவர், கூலியாள் என்ற பேதமின்றி ஆண் எவரையும் அங்கே அவ்வாறே அழைக்கிறார்கள்.

பழக்கமில்லாத எம்மைப் போன்றவர்களுக்கு அந்த மட்டக்குதிரை மிகப் பொறுமை காட்டியது. அதற்குப் பாதி நடையும் பாதி ஓட்டமுமான ஒரு தனி நடை உண்டு. அந்நடையில் சேணத்தில் இருப்பவருக்கு அலுப்புக் குறைவு. இறக்கத்தில் கடிவாளத்தை இழுக்க வேண்டாம், தளர்த்தி விடுங்கள் என்றார் வழிகாட்டி. கல்லைப் பார்த்து அடிவைக்க அதற்குத் தெரியும். நீங்கள் இழுத்தால் அதன் கண் கலங்கும் என்றார். ஊர் வேலைக்கு வெளியிலிருந்து போகும் எம் போன்றோர் நினைவில் வைக்க வேண்டிய வார்த்தை.

அந்த மலைப்பாதைகளில் குதிரை அழகுக்காக வளர்க்கப்படுவதில்லை. சோள மூட்டையும் ஆட்டு மயிரும் அதன் முதுகில்தான் போகின்றன. வண்டி ஏறாத ஊர்களிலிருந்து நோயாளியும் அதன் மேல்தான் வருகிறார். 1862 இல் மொஷ்வெஷ்வேயின் நாட்டுக்கு வந்த அமலமரித் தியாகிகள் சபைக் குருவான யோசேப் ஜெரார்ட் அடிகளார், முதுமையில் கண்பார்வை மங்கிய பின்னும் பிறர் தூக்கிச் சேணத்தில் ஏற்றிவிட, நோயாளரைத் தேடிப் போனாராம். 1914 இல் இறந்த அவரைத் திருச்சபை 1988 இல் முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. 1847 இல் இலங்கைக்கு வந்து வடபகுதியில் பணியாற்றியதும் அதே சபைதான்.

நீருக்கு அடியில் வயல்

ஒரு மணி நேரம் ஏறியதும் ஏரி முழுவதும் தெரிந்தது. மலை இடுக்குகளுக்குள் கைவிரல் போல் நீண்டு கிடக்கும் நீல நீர். பார்ப்பவர் மனம் குளிரும். ஆனால் அது இயற்கை ஏரியன்று. 1986 இல் லெசோத்தோவும் தென்னாபிரிக்காவும் செய்த உடன்படிக்கையின்படி மலிபமட்சோ ஆற்றை மறித்துக் கட்டிய 185 மீற்றர் உயர அணையின் நீர். 1995 இல் நீர் தேக்கத் தொடங்கினார்கள். கொள்ளளவு ஏறத்தாழ 195 கோடி கன மீற்றர். எமது இரணைமடுவைப் போல் பத்து மடங்குக்கும் மேல். அந்நீர் 45 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினூடாக முதலில் ஒரு மின்நிலையத்திற்கும், அங்கிருந்து தென்னாபிரிக்காவின் பெருநகரங்களுக்கும் போகிறது. 1998 இல் முதல் நீர் போனது. லெசோத்தோ அரசுக்கு அதற்காகப் பணம் கிடைக்கிறது. ஏரிக்கரையிலிருந்த பல ஊர்களோ குழாய் நீருக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன.

வழிகாட்டி குதிரையை நிறுத்தி, நீரின் நடுவே ஓரிடத்தைக் கைகாட்டினார். "அதற்குக் கீழேதான் எங்கள் வயல். ஆற்றங்கரை மண். மலைச்சரிவில் மூன்று வயல் உழுதாலும் அந்த ஒன்றுக்கு ஈடாகாது" என்றார்.

வீடு இழந்தவர்கள் ஒரு பகுதியினரே. வயலும் மேய்ச்சல் தரையும் இழந்தவர்கள் அவர்களை விடப் பலர். முன்னோரின் கல்லறைகள்கூடத் தோண்டி வேறிடத்தில் வைக்கப்பட்டன. வயலுக்கு நட்டஈடாக ஆண்டுதோறும் சோளமும் பருப்பும், அல்லது பணமும் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. 50 ஆண்டுகளுக்கு என்று வரையறுத்தார்கள். வழிகாட்டி அதைப் பற்றிச் சொன்னதை அப்படியே தருகின்றோம்: "தானியம் தருகிறார்கள், ந்தாதே. ஆனால் மூட்டையை மகனுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. வயலைப் பிரித்துக் கொடுக்கலாம். ஐம்பது வருடம் முடிய என் பேரனுக்கு என்ன?"

இதற்கு எம்மிடம் பதில் இருக்கவில்லை. இழந்த வயலுக்கு எந்த நட்டஈடும் முழு ஈடு ஆகாது என்பதை ஒத்துக்கொள்வதே நேர்மை. அதனாலேயே உரிமையைக் கேட்பதை அம்மக்கள் இன்றும் கைவிடவில்லை.

மலைமேல் உயிரினங்கள்

மேலே போகப் போக மரங்கள் குறைந்து புல் மாத்திரம் எஞ்சியது. பாறைகளில் எலி போன்ற உயிரினம் வெயில் காய்ந்தது. பனி எலி என்கிறார்கள். குளிர்காலத்தில் மலை முழுவதும் பனி மூடினாலும் அது நீண்ட உறக்கத்துக்குப் போவதில்லை. கிடைக்கும் வெயிலையெல்லாம் காய்ந்து உயிர் பிழைக்கிறது. வானத்தில் தாடிக்கழுகு ஒன்று வட்டமிட்டது. மற்றக் கழுகுகள் தின்று தீர்த்த எலும்பை இது எடுத்து, உயரத்திலிருந்து பாறையில் போட்டு உடைத்து, அதன் ஊனைத் தின்னும். எல்லாம் முடிந்தது என்று மற்றவை விட்டுப் போன இடத்தில் இதற்கு உணவு இருக்கிறது.

மலையின் தலைமாட்டில் சதுப்பு நிலங்கள் உண்டு. மழையையும் உருகும் பனியையும் பஞ்சு போல் உறிஞ்சி வைத்து, வரண்ட மாதங்களிலும் ஆற்றுக்கு நீர் விடுபவை அவையே. மாடும் ஆடும் அளவுக்கு மிஞ்சி மிதித்தால் அந்தப் பஞ்சு வெடித்து நீர் ஓடிப்போகும். ஆகவே ஊர்த்தலைவர்கள் மேய்ச்சல் தரையின் ஒரு பகுதியைக் குறித்த காலத்துக்கு மூடுவது அங்கே பழைய வழக்கம். மூடிய தரையில் அகப்பட்ட மாட்டைப் பிடித்து அடைப்பார்கள். உடையவர் தண்டம் கட்டி மீட்க வேண்டும்.

லெசோத்தோவைத் தவிர வேறெங்கும் இயற்கையில் வளராத சுருட் கற்றாளை ஒன்றும் இம்மலைகளில் உண்டு. இலைகள் ஐந்து வரிசையாகச் சுழன்று வளரும். அணை கட்டும்போது நீரில் மூழ்கவிருந்த செடிகளைக் காப்பாற்றி வைத்த தோட்டம் கட்சேயில் இருக்கிறது. இக்கற்றாளையும் அங்கே பேணப்படுகிறது. செடிகளைக் குறித்துக் காட்டிய அக்கறை மனிதருக்கும் அதே அளவில் கிடைத்ததா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

பிற்பகலில் இடி முழங்கத் தொடங்கியது. அங்கே மலைமுகட்டில் மின்னல் உயிரைக் குடிக்கும். ஆதலால் விரைந்து இறங்கினோம்.

கொப்பியின் கதை

இனி அந்தக் கொப்பி. அதில் குதிரை வைத்திருக்கும் வீடுகளின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. பயணிகள் வரும்போது யார் குதிரை போவது என்பதை அந்த வரிசையே தீர்மானிக்கிறது. நல்ல குதிரை உள்ளவரும் உறவுக்காரரும் முந்த முடியாது. குதிரைக் கூலி உடையவருக்கு. வழிகாட்டிக் கூலி வழிகாட்டிக்கு. ஒரு சிறு பங்கு ஊர்ப் பொதுப்பணத்துக்கு. முதுகில் புண் உள்ள குதிரைக்கு அந்த முறை கிடையாது. விதவைகளின் குதிரைகள் அவரவர் பெயரிலேயே பதியப்பட்டிருந்தன.

லெசோத்தோவின் வேறிடங்களிலும் இவ்வகை உண்டு. 1905 இல் ஒரு வணிகர் கடை வைத்த மலெயாலெயா என்னும் ஊரில் பயணிகள் ஏறும் குதிரைகள் அயல் கிராமத்தவருடையவை. முன்பு தென்னாபிரிக்கச் சுரங்கங்களில் உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்பிய ஆண்கள் பல்லாயிரவர் 1990களில் வேலையிழந்து திரும்பியபோது, இவ்வாறான சிறு வருமானங்கள் பெரிதாகின.

இதனால் வயலின் இடத்தைக் குதிரை நிரப்பிவிட்டதென்று நாம் சொல்லவில்லை. பயணிகள் வராத மாதங்களில் கூலியும் இல்லை. ஆனால் நிலம் போனபோது போகாத மூன்றை அம்மக்கள் பற்றிப் பிடித்தார்கள்: தம் விலங்கு, தமக்குத் தெரிந்த பாதை, தமக்குள் பேசி வைத்த ஒழுங்கு. முதல் இரண்டும் எந்த ஊரிலும் உண்டு. மூன்றாவது இல்லாவிட்டால் வெளியிலிருந்து வரும் ஒருவர் விலங்கையும் பாதையையும் தமதாக்கி, ஊரவரைக் கூலியாளாக்கிவிடுவார்.

நாம் செய்யக்கூடியவை

எமது வாசகர்கள் குதிரை வாங்க வேண்டுமென்பதல்ல எமது கருத்து. நெடுந்தீவில் மேயும் குதிரைகளே வரட்சியில் தண்ணீரின்றிச் சாகின்றன. எம்மிடம் மாடும் ஆடும் உண்டு; குளத்து மீனும் பனையும் உண்டு; எந்தக் காட்டில் எப்போது தேன் எடுக்கலாம் என்ற அறிவு உண்டு. இவற்றை வைத்து மூன்று காரியங்களை உடனே தொடங்கலாம்.

ஒன்று, உங்கள் கிராமச் சங்கத்தில் கொப்பி ஒன்று திறந்து, யாரிடம் என்ன உண்டு, யாருக்கு எந்த முறை என்று எழுதுங்கள். எழுதியதை எல்லோர் முன்னிலும் வாசியுங்கள். இரண்டு, மாடு உள்ளவர் இல்லாதவருக்குக் கன்றுப் பங்குக்கு விடும் பழைய வழக்கத்தைப் புதுப்பியுங்கள். பங்கு என்னவென்பதை முதலிலேயே சாட்சியோடு பேசுங்கள். மூன்று, இழந்த காணியின் எல்லை, பரப்பு, நின்ற மரங்கள், கிணறு என்பவற்றை முதியவர்கள் உயிரோடிருக்கும்போதே எழுதிக் கையொப்பம் வாங்கி வையுங்கள். பெண் தலைமை தாங்கும் வீடுகளில் அப்பெண்ணின் பெயரிலேயே எழுதுங்கள். புதிய தொழிலில் கை வைப்பதனால் பழைய உரிமையைக் கேட்கும் வாய் மூடவேண்டியதில்லை.

லெசோத்தோவின் தேசிய வாக்கு மூன்றே சொற்கள்: சமாதானம், மழை, செழிப்பு. கமக்காரர் வகுத்த வரிசை போலிருக்கிறது. முதலாவது இல்லாமல் மற்ற இரண்டும் எவருக்கும் நிலைப்பதில்லை என்பதை எம்மவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் ஊரில் கொப்பி திறந்தால் எமக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் மற்ற ஊரவரும் அறியச் செய்வோம்.