கடைசி பஸ் எங்கே தூங்குகிறது?

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடமேற்கில், ஓசூரிலிருந்து ஏறக்குறைய 20 கி.மீ. தொலைவில் கெலமங்கலம் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கடைத்தெருவில் கலந்து ஒலிக்கும் ஊர். வடக்கே ஓசூரின் தொழிற்சாலைகள். தென்மேற்கே மேலகிரி மலைக் காடுகள். மாலையில் பஸ் நிற்கும் இடத்தில் சற்று நின்று கவனித்தால் இரண்டு வகை மனிதர்களைப் பார்க்கலாம். ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, டீ குடித்துவிட்டு நிதானமாக அறைக்குத் திரும்புகிறவர்கள் ஒரு வகை. கையில் பையுடன், நிமிடத்துக்கு ஒரு முறை சாலையை எட்டிப் பார்ப்பவர்கள் மற்றொரு வகை. இவர்கள் மலைக்குப் போக வேண்டியவர்கள்.

என் வகுப்பிலும் அப்படி ஒரு மாணவன் இருந்தான். பிற்பகல் செய்முறை வகுப்பில் தனி ஊசலின் அலைவுகளை எண்ணிக்கொண்டிருப்பான். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். அக்கறையில்லாத பிள்ளை என்று ஒரு நாள் கடிந்துகொண்டேன். "சார், கடைசி பஸ் போயிடும் சார்" என்றான். எனக்கு வெட்கமாகிவிட்டது. பஸ்ஸை ஓர் இயற்பியல் கணக்காக நான் பார்க்கத் தொடங்கியது அன்றுதான்.

அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போமா? செசாரே மார்க்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994-இல் ஒரு கட்டுரை எழுதினார். மனிதர்கள் எந்த ஊரில் வாழ்ந்தாலும், எந்த வாகனத்தில் சென்றாலும், பயணத்துக்கென்று நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் சராசரியாக ஒரு மணியை ஒட்டியே இருக்கிறது என்பது அதன் சாரம். போக்குவரத்து ஆய்வாளர் யாக்கோவ் ஜஹாவி முன்பே கண்டதை அவர் விரிவாக்கினார். இது நியூட்டன் விதி போன்றதல்ல, ஒரு சராசரிதான். இருந்தாலும் பயனுள்ள சராசரி.

போக அரை மணி, வர அரை மணி. நடந்தால் மணிக்கு 5 கி.மீ. ஆகவே அரை மணியில் 2½ கி.மீ. அதுதான் நம் அன்றாட வட்டத்தின் ஆரம். பஸ்ஸின் வேகம் மணிக்கு 30 கி.மீ. என்று கொள்வோம். ஆரம் 15 கி.மீ. ஆகிவிடுகிறது. நீங்கள் போனவுடன் பஸ் தயாராக நின்றால்தான் இது. கால் மணி காத்திருந்தால் ஓடக் கிடைப்பது கால் மணி மட்டுமே. ஆரம் 7½ கி.மீ.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு மணி நேரத்தில் நான்கு பஸ்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். சீராக 30 நிமிடத்துக்கு ஒன்று வந்தால், நினைத்த நேரத்தில் போய் நிற்பவர் சராசரியாக 15 நிமிடம் காத்திருப்பார். ஆனால் பஸ்கள் ஒன்றை ஒன்று விரட்டிக்கொண்டு இரண்டிரண்டாக வந்தால்? இடைவெளிகள் 55, 5, 55, 5 நிமிடம். சராசரி இடைவெளி இப்போதும் 30-தான். ஆனால் 120 நிமிடத்தில் 110 நிமிடம் நீண்ட இடைவெளிக்குள் அடங்குவதால், பெரும்பாலோர் அதில்தான் மாட்டிக்கொள்வார்கள். சராசரிக் காத்திருப்பு 25 நிமிடத்தைத் தாண்டிவிடும்! (ஒவ்வோர் இடைவெளியையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, மொத்த நேரத்தின் இரு மடங்கால் வகுத்துப் பாருங்கள்.) மீதி ஐந்து நிமிடத்தில் பஸ் எவ்வளவு தூரம் ஓடும்? 2½ கி.மீ. நடந்தே போயிருக்கலாம்.

வட்டத்துக்கு வெளியே இருப்பவர் என்ன செய்வார்? வேலையை விடுவார், அல்லது வீட்டை மாற்றுவார். பஸ் கணக்கு வீட்டுக் கணக்காக மாறுவது இந்த இடத்தில்தான். 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து சுற்று வட்டாரத்தில் வரிசை வரிசையாக வாடகை அறைகள் எழுந்தது இதனால்தான். அண்மையில் இந்தப் பக்கத்தில் வந்திருக்கும் டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஏராளமான இளம்பெண்கள் பணிபுரிகிறார்கள். வெளி மாநிலத்தவரும் பலர். அவர்களுக்கு விடுதியும் பஸ்ஸும் சேர்ந்தே ஏற்பாடாகின்றன. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் சிப்காட் குடியிருப்பு 2024-இல் திறக்கப்பட்டது. தொழிற்சாலைக்கு ஆள் வேண்டுமென்றால் வழி பிறந்துவிடுகிறது.

மலையில்? கெலமங்கலம் ஒன்றியத்தைச் சேர்ந்த பெட்டமுகிலாளம் ஊராட்சியில், காட்டுக்குள் சிதறிய குக்கிராமங்களில் இருளர் குடும்பங்கள் வாழ்கின்றன. கேழ்வரகு முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் இந்தக் காடுகளின் வழியே நகரும். கடைசி பஸ்ஸை விட்டவர், நடந்து போகிறேன் என்று கிளம்ப முடியாது. வீடு கட்டவும் இதே சங்கடம். 300 சதுர அடி வீட்டுக்குச் சிமெண்டு மட்டுமே நூறு மூட்டைக்கு மேல் வேண்டும். மூட்டை 50 கிலோ. ஐந்து டன்னுக்குக் குறையாது. மணலும் ஜல்லியும் அதைப் போலப் பல மடங்கு. லாரி போகாத இடத்தில் அரசு தரும் வீட்டுத் தொகையில் ஒரு பங்கைச் சுமை கூலியே விழுங்கிவிடும்.

சாலை போட்டால் தீர்ந்தது என்பீர்கள். 2000-இல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் சமவெளியில் 500 பேர், மலை, பழங்குடிப் பகுதிகளாகக் குறிக்கப்பட்டவற்றில் 250 பேர் என்று வரம்பு வைத்தது. நாற்பது குடிசைகளுள்ள ஊர் எங்கே போகும்? 2023-இல் வந்த பிரதமர் ஜன்மன் திட்டம், இருளர் போன்ற மிகவும் நலிவுற்ற பழங்குடியினருக்கு அதை 100 ஆகக் குறைத்தது. காட்டு நிலம் என்ற தடையும் உண்டு. ஆனால் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், கிராம சபை பரிந்துரைத்தால், சாலை போன்ற தேவைகளுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தைத் தர இடம் கொடுக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது. ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். ஓரங்களையும் சேர்த்து 4 மீட்டர் அகலச் சாலை என்றால் ஏறத்தாழ 2½ கி.மீ. நீளம் கிடைக்கும். பல குக்கிராமங்களுக்கு இதுவே போதும்.

இனி பஸ் ஏற வேண்டும். பயணிகளோடு 14 டன் எடையுள்ள பஸ் 300 மீட்டர் உயரம் ஏறினால் நிலையாற்றல் (mgh) சுமார் 41 மெகாஜூல் கூடுகிறது. ஒரு லிட்டர் டீசலில் 36 மெகாஜூல். அதில் மூன்றிலொரு பங்குதான் சக்கரத்துக்கு வரும். ஏற்றத்துக்கு மட்டும் மூன்றரை லிட்டர்! இறங்கும்போது அது பிரேக்கில் வெப்பமாகப் போகிறது. (மின்சார பஸ் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பிக்கொள்ளும்.) பத்துப் பேருக்காக இந்தச் செலவா என்று பணிமனை மேலாளர் தயங்கினால் நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். பஸ் வசதியில்லாத ஊர்களுக்கென 1997-இல் மினி பஸ் திட்டம் வந்ததும், 2025-இல் விரிவாக்கப்பட்டதும் இந்தத் தயக்கத்தைத் தாண்டத்தான்.

வட கனடாவின் நுனவுட் பிரதேசத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டைப் போலப் பதினைந்து மடங்குக்கும் அதிகமான பரப்பு. மக்களோ 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 37,000 பேர், 25 ஊர்களில். எந்த இரண்டு ஊருக்கும் இடையே சாலை கிடையாது. விமானம் அல்லது கோடையில் பனி உருகியபின் வரும் கப்பல். ஆணி முதற்கொண்டு அதில்தான் வர வேண்டும். கப்பல் போய்விட்டால் அடுத்த கோடைவரை வீட்டு வேலை நிற்கும். அடிமண் ஆண்டு முழுவதும் உறைந்து கிடப்பதால், வீட்டின் சூடு அதை உருக்கிவிடாமல் கால்கள் நட்டு, கீழே காற்றோட்டம் விட்டு வீட்டை உயர்த்திக் கட்டுகிறார்கள். எனக்குப் பிடித்த செய்தி வேறொன்று. ஆசிரியருக்கும் செவிலியருக்கும் அங்கே அரசே வீடு தருகிறது. வீடு இல்லையேல் அவர்கள் வரமாட்டார்கள்.

இதை நம் மலைக்குக் கொண்டுவந்து பாருங்கள். காலையில் முதல் பஸ் கீழிருந்து காலியாக மேலேறுகிறது. இரவில் கடைசி பஸ் காலியாகக் கீழிறங்குகிறது. இரண்டு வீண் பயணங்கள். நம் கிராமங்களில் பழக்கத்திலுள்ள நைட் ஹால்ட் பஸ் இவற்றை மிச்சப்படுத்துகிறது. பஸ் இரவு ஊரிலேயே தங்கி விடியலில் அங்கிருந்தே புறப்படும். கடைசி பஸ்ஸை இருட்டும்வரை தள்ளிப் போடலாம். செய்முறை வகுப்பும் முழுதாகக் கிடைக்கும். அதற்கு ஓட்டுநரும் நடத்துநரும் படுக்க ஓர் அறை வேண்டும். ஒரு கழிப்பறை, ஒரு மின்விளக்கு வேண்டும். பல இடங்களில் அவர்கள் பஸ் இருக்கையிலேயே உடம்பைக் குறுக்கிக்கொண்டு படுக்கிறார்கள்.

உங்கள் நிறுத்தத்தில் ஒரு வாரம் பஸ் வரும் நேரங்களைக் குறித்து, மேலே சொன்ன வகுத்தலைப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஊரில் இரவு தங்கும் பஸ் இருந்தால், ஓட்டுநர் அண்ணனிடம் எங்கே படுக்கிறீர்கள் என்றும் கேட்டு, அதையும் அந்தத் தாளிலேயே எழுதி வையுங்கள்.