உமி போகட்டும், தவிடு தங்கட்டும்

கல்வராயன் மலையில் சோறு என்றால் ஒரு காலத்தில் சாமைச் சோறுதான். கரியாலூர், வெள்ளிமலை வட்டாரத்து மலையாளி பழங்குடி மக்கள் மானாவாரிச் சரிவுகளில் சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்தார்கள். கூடவே துவரை, அவரை, மொச்சை. மழை குறைந்த ஆண்டிலும் மூன்று, மூன்றரை மாதத்தில் சாமை வீடு வந்து சேரும். இன்று அந்தச் சரிவுகள் பலவற்றில் மரவள்ளி நிற்கிறது, அடுப்பில் ரேஷன் அரிசி வேகிறது. சாமையோ நகரத்துக் கடைகளில் ஆரோக்கிய உணவாக விலை ஏறியிருக்கிறது. விலை கொடுத்து வாங்கினாலும் அதன் சத்து எவ்வளவு மிஞ்சும் என்பது, அதை எப்படிக் குத்துகிறோம், எப்படிச் சமைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

சாமை மணியின் வெளியே கடினமான உமி இருக்கிறது. அதற்குள் தவிட்டுப் படலமும் முளைக்கருவும், நடுவே மாவும். உமி உண்ண ஆகாது. நார்ச்சத்து, பி வகை வைட்டமின்கள், தாதுக்கள், எண்ணெய் ஆகியவை பெரும்பாலும் தவிட்டிலும் முளைக்கருவிலும் உள்ளன. காய்ந்த சாமையை உரலில் இட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தும்போது உமி பறந்துவிடும். தவிட்டில் பெரும்பங்கு மணியோடு ஒட்டி நிற்கும். ஆலையில் வெள்ளைவெளேர் என்று தீட்டினால் தவிடும் முளைக்கருவும் போய்விடும். பிறகு அது பெயரளவில்தான் சிறுதானியம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் சாமையில் சுமார் 7.7 கிராம் நார்ச்சத்து உண்டு. தீட்டிய பச்சரிசியில் 2.8 கிராம்.

தவிட்டை இழப்பதால் வரும் கேட்டை உலகம் அரிசியில்தான் முதலில் கண்டது. 1890-களில் ஜாவாவில் டச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசி மட்டும் தின்ற கோழிகளுக்குக் கால் முடங்கியதையும், தவிடு நீங்காத அரிசி கொடுத்ததும் அவை தேறியதையும் கவனித்தார். மனிதரை வாட்டிய பெரிபெரி நோய்க்கும் காரணம் பி1 வைட்டமின் குறைவுதான் என்பது பின்னர் தெளிவாயிற்று. எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. தமிழ்நாட்டிலேயே, குன்னூரில், ராபர்ட் மெக்கரிசன் 1918-இல் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அந்தச் சிறு ஆய்வுக்கூடம் வளர்ந்து 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. மேலே சொன்ன தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுவே. நம் வீடுகளில் நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும் புழுக்கல் முறை, தவிட்டிலுள்ள பி1 வைட்டமினில் ஒரு பங்கை அரிசிக்குள் இறக்கிவிடுகிறது. புழுங்கல் அரிசி உண்டவர்களைப் பெரிபெரி அவ்வளவாக அண்டாததற்கு இதுவே காரணம்.

கேழ்வரகின் கதை வேறு. அதன் மேல்தோல் மாவோடு இறுக ஒட்டியிருப்பதால் மணியை முழுசாகவே அரைக்கிறார்கள். 100 கிராமில் சுமார் 364 மில்லிகிராம் கால்சியம். ஆனால் அதிலுள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இரவில் மாவைக் கரைத்துப் புளிக்கவிட்டு, மறுநாள் வெந்த நொய்யில் ஊற்றிக் கிண்டிக் கூழாக்கும்போது, நுண்ணுயிரிகள் அந்த அமிலத்தைக் குறைக்கின்றன. முளைகட்டினாலும் இதே பலன். கூடவே மொச்சையோ துவரையோ இருந்தால், தானியத்தில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலமும் கிடைத்துவிடும்.

மரவள்ளி மலைக்குப் பணம் கொண்டுவந்தது, அதை மறுக்க முடியாது. கிழங்கின் தோலை உரித்து, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை இறுத்துக் கொட்டினால் அதிலுள்ள சயனைடு தரும் பொருள் பெருமளவு நீங்கும். ஆனால் பயிரின் பெரும்பகுதி சேலம், ஆத்தூர், சின்னசேலம் பக்கத்து ஆலைகளுக்குப் போய் ஸ்டார்ச்சாகவும் ஜவ்வரிசியாகவும் மாறுகிறது. ஜவ்வரிசியில் மாவுச்சத்தைத் தவிர சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை.

சாமை கைவிடப்பட்டதற்குச் சுவை காரணமல்ல. ஒரு வேளைச் சோற்றுக்குப் பெண்கள் உலக்கை பிடித்துத் தோள் நோகக் குத்த வேண்டியிருந்தது. அரிசிக்கு அந்தப் பாடு இல்லை. இதை உணர்ந்துதான் கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊரளவில் உமி நீக்கும் சிறு இயந்திரங்களைக் கொண்டுவந்தது. கல்வராயனுக்கும் இந்த வழிதான் ஏற்றது. உலக்கைக்குத் திரும்பச் சொல்வது நியாயமில்லை. 2023-ஆம் ஆண்டை ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது.

கடையில் வாங்குபவர் நிறத்தைப் பார்க்கலாம். தவிடு நீங்காத சாமை பழுப்பும் சாம்பலும் கலந்திருக்கும், பளபளக்காது. உமியோடு ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும் மணி, உமி நீங்கியதும் தவிட்டு எண்ணெயால் சில வாரங்களிலேயே காறல் வாடை அடிக்கத் தொடங்கும். ஆகவே கொஞ்சமாக வாங்குவதே நல்லது. கல் அரித்து, அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு நீர் விட்டு வேகவைத்தால் சோறு உதிரியாக வரும். நீரிழிவு உள்ளவர்கள் அளவோடுதான் உண்ண வேண்டும், ஏனெனில் சாமையிலும் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான்.