பழைய பலகையில் புதிய அலமாரி

வீடாகவோ கடையாகவோ பாலமாகவோ ஒருமுறை பயன்பட்டு, இடிக்கும்போது பிரித்தெடுக்கப்பட்டு, மறுபடி அறுத்து இழைத்து வேறு வேலைக்கு வரும் மரமே மீட்பு மரம். தச்சுப் பட்டறைகளில் அதற்குப் பழைய பலகை, பழைய கட்டை என்றுதான் பெயர். சமையலறை அலமாரி, துணி அலமாரி, சாமி மாடம், புத்தக அடுக்கு, படிக்கட்டு என வீட்டின் உள்வேலைகள் பலவற்றுக்கும் அது ஏற்றது. ஆனால் பழையது என்பதாலேயே எந்தப் பலகையும் நல்ல பலகை ஆகிவிடாது. அது என்ன மரம், முன்பு எங்கே இருந்தது, இப்போது எவ்வளவு காய்ந்திருக்கிறது என்ற மூன்றும் தெரிந்த பிறகே அதற்கு விலை சொல்ல முடியும்.

மரம் வரும் வழி

கோலாலம்பூரில் 1881-ஆம் ஆண்டு தீயும் வெள்ளமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மரமும் அத்தாப்பு ஓலையுமாக இருந்த ஊர் பெருஞ்சேதம் அடைந்தது. அதன் பிறகு பிரிட்டிஷ் அதிகாரி ஃபிராங்க் சுவெட்டன்ஹம் நிருவாகத்தில் கட்டடங்கள் செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் மாறின. செங்கல் சூளைகள் இருந்த பகுதியே பிரிக்ஃபீல்ட்ஸ். சுவர் மாறினாலும் மாடித்தளம், உத்தரம், கூரைச் சட்டம், படிக்கட்டு, சன்னல் ஆகியவை மரமாகவே நீடித்தன. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் ரயில்பாதை 1886-இல் திறக்கப்பட்டது. அதையொட்டி வளர்ந்த ரயில்வே குடியிருப்புகளும் கிள்ளானின் கடைவீடுகளும் இதே முறையில் கட்டப்பட்டவை.

பழைய மரத்துக்குத் தோட்டப்புறம் இன்னொரு ஊற்று. கிள்ளான் துறைமுகத்துக்குத் தெற்கே, லங்காட் ஆற்றால் நிலப்பரப்பிலிருந்து பிரிந்து கிடப்பது கேரி தீவு. எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரர் பெயரால் அழைக்கப்படும் இத்தீவு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டமாக மாறியது. இன்று அதன் பெரும்பகுதி செம்பனை. தொழிலாளர் லயம், கிராணி வீடு, துரை பங்களா, பண்டகசாலை எல்லாம் மலாயாத் தோட்டங்களில் ஒரு காலத்தில் பலகையும் மரத்தூணுமாகவே நின்றன. தொழிலாளர் வீடுகளுக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுத்த சட்டம் 1966-இல் வந்தது. 1990-இல் புதுச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. லயங்கள் கல்வீடுகளாக மாறியபோது கழற்றப்பட்ட பலகையில் ஒரு பங்கு கோழிக்கூட்டுக்கும் வேலிக்கும் போனது. மறுபங்கு அடுப்புக்குப் போனது. எஞ்சியதில் நல்ல கட்டைகள் இன்றும் பழைய மரக்கடைகளில் கிடைக்கின்றன.

தீவில் மரமே இல்லையா என்ற கேள்வி எழலாம். செம்பனை பார்வைக்கு மரம். தச்சருக்கு மரம் அல்ல. அதன் தண்டில் வைரம் எனும் இறுகிய உள்மரம் கிடையாது. சோறு போன்ற மென்திசுவுக்குள் நார்க்கற்றைகள் ஓடுகின்றன. நீரும் மாவுச்சத்தும் மிகுதி. சுமார் 25 ஆண்டுகளில் மறுநடவு செய்யும்போது தண்டைச் சீவிப் போட்டு வயலிலேயே மக்க விடுவது வழக்கம். தீவின் மா மேரி பழங்குடியினர் முகமூடிகளும் சிலைகளும் செதுக்குவது சதுப்புநிலக் காட்டின் ஞிரே பத்து என்ற மரத்தில். அது சிற்பத்துக்கான மரம். அலமாரிக்கு வேண்டிய நீள அகலப் பலகை அதில் எளிதில் கிடைக்காது. ஆகவே தீவு வீட்டின் அலமாரிக்கும் மரம் பழைய கட்டடத்திலிருந்தோ வெளியூர் மரக்கடையிலிருந்தோதான் வந்தாக வேண்டும்.

எந்த மரம்

மலேசியப் பழைய கட்டடங்களில் முதலிடம் செங்கால் மரத்துக்கு. காய்ந்த நிலையில் அதன் எடை ஒரு கனமீட்டருக்கு 915 முதல் 980 கிலோ. புதிதாக அறுத்தால் பச்சை கலந்த மஞ்சள். நாள்பட அடர்ந்த பழுப்பு. கரையானும் பூசணமும் எளிதில் அண்டாததால் தூண், உத்தரம், படகு, பாலம் எல்லாவற்றுக்கும் அதைத் தேடினார்கள். மெர்பாவ் செம்பழுப்பு நிறம். 2019-இல் மலேசியாவின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது. நீர் பட்டால் அதிலிருந்து பழுப்புச் சாயம் கசியும். எனவே தொட்டியை ஒட்டிய மேடைக்கு அதைப் போடுவதானால் எல்லாப் பக்கமும் பூச்சு அடைத்திருக்க வேண்டும். கெம்பாஸ் ரயில் கட்டைக்கும் தரைப்பலகைக்கும் பயன்பட்ட ஆரஞ்சுச் சிவப்பு மரம். அதன் நடுவே கல்போல் இறுகிய கோடுகள் ஓடும். அங்கே இழைப்புளியின் வாய் மழுங்கும். அமிலத்தன்மையால் இரும்பாணியையும் அது அரிக்கும். சுவர்ப்பலகையிலும் சன்னலிலும் அதிகம் காணப்படும் மெராந்தி எடை குறைந்தது, இழைக்க எளிது; ஆனால் கரையானுக்கு எளிதில் இரையாகும்.

இவற்றோடு சேர்த்துப் பேச வேண்டியது பால்மரம். 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த ரப்பர் மரம் முன்பு விறகானது. போரான் உப்புக்கரைசலை அழுத்தத்தில் ஏற்றிச் சூளையில் காயவைக்கும் முறை பரவிய பிறகு, 1980-களிலிருந்து அதுவே மலேசிய மரத்தளவாட ஏற்றுமதியின் முதுகெலும்பாயிற்று. அது மீட்பு மரம் அல்ல. கழிவாகப் போக இருந்த மரத்தைத் தளவாடமாக்கியதில் அதற்கு நெருங்கிய உறவு.

பலகையைப் படித்தல்

பழைய கட்டையைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவது துளைகள். செங்கால் பலகையில் குண்டூசித் துளைகள் சாதாரணம். மரம் காட்டில் ஈரத்தோடு இருந்தபோதே சிறு வண்டுகள் போட்டவை அவை. துளையின் விளிம்பு கறுத்திருக்கும், தூள் உதிராது. பலகை காய்ந்ததும் அந்த வண்டு பிழைக்காது. இத்தகைய பலகையை ஒதுக்க வேண்டியதில்லை. இதற்கு மாறாக, துளையின் உட்புறம் வெளிறி, தட்டினால் மாவுபோன்ற தூள் கொட்டினால் அது உளுத்தூள். உள்ளே வண்டுப்புழு இன்னும் உயிரோடு இருக்கலாம். வைரத்தைச் சுற்றி மாவுச்சத்தோடு இருக்கும் வெளிற்றுப் பகுதியையே அது தின்கிறது. வெளிற்றை முழுதும் அறுத்தெறிந்துவிட்டு வைரத்தை மட்டும் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. ஐயம் இருந்தால் சூளையில் சூடேற்றலாம். பன்னாட்டுப் பொதிமர விதியின்படி கட்டையின் நடுப்பகுதி 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் இருந்தால் பூச்சிகள் மடியும்.

அடுத்தது ஆணி. தலை ஒடிந்து உள்ளே புதைந்த ஓர் ஆணி போதும், இழைப்பு எந்திரத்தின் கத்தி போய்விடும். துண்டு பறந்து கண்ணையும் குத்தலாம். உலோகம் காட்டும் கைக்கருவியை நான்கு பக்கமும் ஓட்டிப் பார்த்து, ஆணியைப் பிடுங்கிய பிறகே எந்திரத்தில் ஏற்றுவார்கள். ஆணியைச் சுற்றி நீலக்கறுப்புக் கறை இருக்கும். இரும்பும் மரத்திலுள்ள துவர்ப்பொருளும் சேர்ந்து உண்டாக்கும் கறை அது. மரம் உளுத்ததன் அடையாளம் அல்ல. சிலர் அந்தக் கறையை அழகென்று விட்டுவைப்பதும் உண்டு.

வீட்டுக்குள் வரக்கூடாதவை

ரயில் கட்டையில் பெரும்பாலும் கிரியோசோட்டு எனும் தார் எண்ணெய் ஊறியிருக்கும். புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று வகைப்படுத்தப்பட்ட பொருள் அது, மணமும் நீங்காது. அந்தக் கட்டை தோட்டத்துப் படிக்கே ஆகாது, சமையலறைக்கு அறவே ஆகாது. பச்சை சாயல் கொண்ட மருந்தேற்றிய கட்டையில் செம்பு, குரோமியத்தோடு ஆர்சனிக்கும் இருக்கலாம். அதை இழைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது. பழைய எண்ணெய்ச் சாயத்தில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த சாயத்தை உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத்தூள் வீடெங்கும் படியும். ஈரப்படுத்திச் சுரண்டுவதே சரி. லயத்தின் கூரையில் கல்நார்த் தகடு இருந்தால் அதை அகற்றுவது பயிற்சி பெற்றவர் வேலை. எந்த மரத்தூளும் நுரையீரலுக்கு நல்லதல்ல. வன்மரத்தை அறுக்கும் பட்டறையில் தூள் உறிஞ்சியும் முகக்கவசமும் கட்டாயம்.

காய்ச்சலும் அசைவும்

நூறு ஆண்டு கூரையில் கிடந்த கட்டை முழுதும் காய்ந்திருக்கும் என்று எண்ணுவது தவறு. மரம் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு ஓயாமல் கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டே இருக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கின் திறந்த காற்றில், ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கையில், மரத்தின் ஈரம் சுமார் 16 விழுக்காட்டில் நிற்கும். குளிரூட்டிய அறையில் அது 10, 11 விழுக்காட்டுக்கு இறங்கும். இந்த வேறுபாட்டில் 400 மில்லிமீட்டர் அகலப் பலகை 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை சுருங்கலாம். நீளவாக்கில் சுருக்கம் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவே. ஆகவே அறுத்த பலகையை இடைக்குச்சி வைத்து அடுக்கி, அது இருக்கப்போகும் வீட்டிலேயே சில வாரம் விட்டு, ஈரமானியால் பார்த்த பிறகே இணைப்பு வெட்டுவார்கள்.

இந்த அசைவுக்கு இடம் கொடுக்கும் பழைய வழி சட்டமும் பலகையும். நாலு சட்டங்களைக் கழுந்தும் துளையுமாகக் கோத்து, உள்பக்கம் காடி இழுத்து, நடுப்பலகையைப் பசை போடாமல் காடிக்குள் நிறுத்துவார்கள். பலகை உள்ளே விரிந்து சுருங்கும். கதவின் அளவு மாறாது. பலகையைச் சட்டத்தோடு ஒட்டிவிட்டால் முதல் வறட்சியிலேயே வெடிக்கும்.

எடையும் ஒரு கணக்கு. 700 மில்லிமீட்டர் உயரம், 600 அகலம், 20 கனம் கொண்ட செங்கால் கதவு சுமார் 8 கிலோ வரும். சாதாரண இரண்டு கீல் அதைத் தாங்கினாலும் நாளடைவில் கதவு தொங்கும். மூன்றாவது கீல் வேண்டும். எனவே பெட்டிப்பகுதியை நல்ல பிளைவுட்டில் செய்து, கதவு, இழுப்பறை முகப்பு, மேடை ஆகியவற்றுக்கு மட்டும் பழைய மரம் போடுவது சிக்கனம். தடித்த உத்தரத்தை மெல்லிய தகடாக அறுத்துப் பிளைவுட் மேல் ஒட்டினால் ஒரே கட்டை முழுச் சமையலறைக்கும் வரும். கோடுகளும் ஒத்து ஓடும்.

முன்னோடிகள்

மலாய் மரவீடுகள் கழுந்தாலும் ஆப்பாலும் இணைந்தவை. கழற்றி வேறிடத்தில் பூட்டலாம். கெடாவிலிருந்து பெங்குலு அபு செமான் வீடு 1990-களில் அப்படித்தான் கோலாலம்பூர் ஸ்டோனர் சாலைக்கு வந்து நின்றது. திரங்கானுவின் பெனாரிக்கில் பழைய செங்கால் வீடுகள் பலவற்றைப் பெயர்த்து வந்து தெராபுரி என்ற தங்குவிடுதி எழுப்பப்பட்டது. தமிழ்நாட்டில் செட்டிநாட்டு வீடுகள் இடிபடும்போது வெளிவரும் பர்மாத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விற்பனையாகின்றன. 1996-இல் முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, ஒரு செட்டிநாட்டு வீட்டின் உறுப்புகளைக் கழற்றிக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியது. நின்று பயன்படும் வீட்டை மரத்துக்காக இடிப்பது மீட்பு ஆகாது. எப்படியும் இடியப்போகும் வீட்டின் மரத்தைக் காப்பதே மீட்பு.

கணக்குப் பார்த்தல்

பழைய மரம் எப்போதும் மலிவு என்பதில்லை. கட்டையின் விலை குறைவாக இருந்தாலும் ஆணி பிடுங்க, வெளிற்றை நீக்க, காயவைக்கக் கூலி சேரும். வாங்கிய அளவில் கணிசமான பங்கு கழிவாகப் போகும். அதற்கு ஈடாகக் கிடைப்பது இன்று எளிதில் வாங்க முடியாத தரமான வைரமும் நிறமும். மரத்தின் உலர்ந்த எடையில் ஏறக்குறைய பாதி கரிமம். பலகை எரியாமலும் மக்காமலும் இருக்கும் வரை அந்தக் கரிமம் காற்றில் கலப்பதில்லை.

வாங்கப் போகிறவர் கடையில் நாலு காரியம் செய்தால் போதும். கட்டை எந்தக் கட்டடத்திலிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். ஒரு முனையைப் புதிதாக அறுக்கச் சொல்லி நிறத்தையும் மணத்தையும் பார்க்க வேண்டும். தட்டித் தூள் உதிர்கிறதா என்று கவனிக்க வேண்டும். ஈரமானியை வைக்கச் சொல்ல வேண்டும். இவற்றுக்கு இணங்காத கடையில் வாங்காமல் திரும்புவதே நல்லது.